இறக்கைக்கு முன்னால் ஒரு ஜன்னல்

கூரையைக் கழற்றி வைத்துவிட்டு மேலேயிருந்து எட்டிப் பார்த்தால் விமானம் இப்படித்தான் இருக்கும்போல, நடுவில் நீள முள்ளும் இரண்டு பக்கமும் வரிவரியாக விலாவுமாக, வயிறு கீறிப் பலகையில் வைத்த சீலா மீன் மாதிரி. காலையில் நான் கழுவிக் குழம்பு வைத்த மீன்தான் நீந்திப் போய் இந்தப் போனுக்குள் படுத்துக்கொண்டதோ என்று நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பிரம்பு நாற்காலியில் சாய்ந்தால் எதைப் பார்த்தாலும் இப்படித்தான் கொஞ்சம் மிதக்கும், ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்குகிறது, துறைமுகச் சாலையில் லாரிச் சத்தம் தூங்கி வழிகிற மாதிரி வந்து போகிறது. இக்னிதான் அனுப்பியிருக்கிறான். அம்மா, நாளைய ஃப்ளைட்டுக்கு சீட் எடுக்கலாம், செக்-இன் திறந்தாச்சு, அப்பாவுக்கும் அனுப்பியிருக்கேன், அவங்கவங்களுக்குப் பிடிச்சதை அவங்கவங்க எடுத்துக்கோங்க. அவங்கவங்க. என் மகன் இக்னேஷியஸ் சின்ன வயதிலிருந்தே வார்த்தையை நிறுத்துப் பேசுகிறவன். ரோட்டர்டாமில் மார்லீன் என்கிற பெண்ணை வருகிற சனிக்கிழமை கோயிலில் வைத்துக் கட்டப்போகிறான், ஒரே டிக்கெட்டில் என் பேரையும் அவன் அப்பா பேரையும் போட்டிருக்கிறான், ஆனால் சேர்ந்து உட்காருங்கள் என்று சொல்லவில்லை, உட்காராதீர்கள் என்றும் சொல்லவில்லை. நீலப் பெட்டி என்றால் காலி. சாம்பல் என்றால் யாரோ எடுத்தாயிற்று. எங்கள் டிக்கெட்டுக்கு மட்டும் ஆரஞ்சு நிறம், பேரின் முதல் எழுத்தோடு. ஆர் என்று ஒரு வட்டம் படத்துக்கு வெளியே இடமில்லாமல் நிற்கிறதே, அது நான், ரெஜினாள். ஏ என்று ஒன்று பாதிக்குப் பின்னால் ஒரு வரிசையில் நடைபாதையோரம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அது அல்ஃபோன்ஸ், என் வீட்டுக்காரர், மணப்பாட்டில் அவருடைய அண்ணன் விட்டுப்போன வீட்டில் சில வருஷங்களாகத் தனியாக இருக்கிறவர். அவருக்குப் பக்கத்தில் நடு சீட்டும் நீலம், அதற்கு அப்பால் ஜன்னலோரமும் நீலம்.

வசதியான சீட் எது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதிர்வீட்டுப் பிலோமி புனித பூமிக்குப் போய்விட்டு வந்தவள், எக்கா, ஜன்னலோரம் மட்டும் போயிராதீங்க, ஒண்ணுக்குப் போவ ரெண்டு பேரை எழுப்பித் தாண்டணும், ஒருத்தன் மொறைப்பான் ஒருத்தி உச்சுக்கொட்டுவா என்றாள். இக்னியும் நடைபாதையோரம் எடும்மா, முட்டியை நீட்டிக்கலாம் என்றான். முட்டிக்கு அதுதான் நல்லது, மூத்திரப்பைக்கும் அதுதான் நல்லது, என் உடம்பில் ஓட்டுப்போடச் சொன்னால் கண்ணைத் தவிர எல்லாம் நடைபாதைக்குத்தான் போடும். கண் மட்டும் ஜன்னல் ஜன்னல் என்கிறது. நான் விமானத்தில் ஏறினதே இல்லை. அவர் கப்பல் பிடிக்கப் போகிறபோதெல்லாம் ஏறியிருக்கிறார், டர்பனுக்கு, சிங்கப்பூருக்கு, பேர் வாயில் நுழையாத ஊருக்கெல்லாம், நான் பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு வேலைக்குப் போவேன். ஏதாவது துறைமுகத்திலிருந்து அவர் கூப்பிடுவார். காதில் மாட்டின கருவியோடு உட்கார்ந்திருக்கிற என்னைச் சுற்றியிருக்கிற பெண்களெல்லாம் ஒரு நொடி வாயை மூடிக்கொள்வார்கள், கடல் முழுவதையும் ஒரு கம்பிக்குள் திணித்த மாதிரி இரைச்சல், அதற்குள்ளிருந்து அவர் குரல். மேலேருந்து பாத்தா கப்பலெல்லாம் அரிசியில கெடக்க வண்டு மாதிரி இருக்கு ரெஜி. ஒருநாள் நீயும் பாக்கணும். ஒருநாள் என்பார். அந்த ஒருநாளை நான் மனசில் நிறையத் தடவை நடத்திப் பார்த்திருக்கிறேன், அதில் நான் எப்போதும் ஜன்னலோரம், அவர் என் தோளுக்கு மேலாகக் குனிந்து அதோ அதோ என்று காட்டுவார், அவர் மூச்சில் டீசல் வாசம் இருக்கும். நிஜத்தில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் எப்போது உட்கார்ந்தோம்? யோசித்தால் வழுக்கிக்கொண்டே போகிறது. கோயிலில் ஆம்பளைகள் ஒரு பக்கம் பொம்பளைகள் ஒரு பக்கம். பஸ்ஸில் எனக்கு முன்னால் லேடீஸ் சீட், அவர் பின்வாசலில் தொற்றிக்கொண்டு வருவார். ஸ்கூட்டரில் அவர் முதுகுதான் தெரியும். சாப்பாட்டுக்கு அவர் உட்கார்ந்தால் நான் நிற்பேன். கல்யாணப் போட்டோவில்கூட அவரை நாற்காலியில் உட்காரவைத்து என்னை நிற்கவைத்துவிட்டான் அந்த ஸ்டூடியோக்காரன். ஒரே ஒரு தடவை, கொல்லத்துக்குப் போகிற பழைய ரயிலில், செங்கோட்டை தாண்டி மலைக்குள் போகிறபோது கட்டைப் பலகையில் ஒட்டி உட்கார்ந்திருந்தோம், குகைக்குள் ரயில் நுழைந்ததும் கும்மிருட்டு, பெட்டியில் பிள்ளைகள் எல்லாம் ஊவென்று கத்துகிறார்கள், என் கையின் மேல் ஒரு கை வந்து உட்கார்ந்தது, சூடாக, கனமாக, விரல்நுனியெல்லாம் சொரசொரவென்று. வெளிச்சம் வந்ததும் பார்த்தால் அவர் அந்தப் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், கையைக் காணவில்லை. அடுத்த குகை எப்போது வரும் என்று அவரைக் கேட்க எனக்கு வெட்கம்.

சண்டை என்று ஒன்று போட்டிருந்தால் எவ்வளவு சுலபம். இன்ன தேதியில் இன்னது சொன்னீர்கள் என்று பிடித்துக்கொள்ள ஒரு கொக்கியாவது இருக்கும். அவர் கப்பலை விட்டு ஒரேயடியாக வீட்டுக்கு வந்தபோது நான் சிவப்பு அரிசிப் புட்டு அவித்து, புதுத் தலையணை உறை போட்டு, அப்படி ஒரு சந்தோஷம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கேஸ் சிலிண்டரைக் கயிறு போட்டுச் சுவரோடு கட்டியிருக்கிறார். அலமாரித் தட்டுகளுக்கெல்லாம் முன்னால் மரச்சட்டம் அடித்திருக்கிறார், டப்பா உருளாமல் இருக்க. வீடு உருளாதுங்க என்றேன், அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன், ஆனால் சட்டத்துக்கு மேலாகக் கையை விட்டு மல்லித்தூள் டப்பாவை எடுக்கிறபோதெல்லாம் என் வீட்டில் நான் விருந்தாளி மாதிரி ஒரு உணர்வு. தூக்கம்தான் பெரிய தொல்லை. எஞ்சின் அறையிலேயே காலத்தை ஓட்டின மனுஷர், சத்தம் இல்லாவிட்டால் அவருக்குக் கண் மூடாது, சீலிங் ஃபேனோடு டேபிள் ஃபேனையும் போட்டு, ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவை உஸ்ஸென்று இரையவிட்டுத்தான் தூங்குவார். எனக்கு அந்த உஸ் கேட்டால் டிரங்க் கால் வரப்போகிறது என்றுதான் உடம்பு நினைக்கும், எக்ஸ்சேஞ்சில் பழகின உடம்பு, பதில் சொல்ல வாயைத் திறந்தபடி விடியும்வரை முழித்திருப்பேன். தூரத்தில் இருந்து கூப்பிட்ட குரல் இதோ பக்கத்தில் குறட்டை விடுகிறது, இரண்டையும் ஒரே ஆளாகச் சேர்க்க எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் நான் அப்படித்தான் இருந்திருப்பேன், கம்பியில் கேட்ட ரெஜி வேறு, மல்லித்தூள் டப்பாவோடு நிற்கிற ரெஜி வேறு. மணப்பாட்டுத் திருவிழாவுக்குப் போனவர் அண்ணன் வீட்டுக்கு ஓடு மாற்றிவிட்டு வருகிறேன் என்றார். ஓடு மாற்றினார். கிணறு தூர்வாரினார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். நான் எப்ப வாரீங்க என்று கேட்கவில்லை, கேட்டால் வரச்சொல்லி இழுக்கிற மாதிரி இருக்கும் என்று. அவர் வரட்டுமா என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போன் பண்ணுவார், பேசுவோம், நன்றாகவே பேசுவோம், சிரித்துக்கூடப் பேசுவோம், கம்பியில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆகவே அவர் பக்கத்து நீலத்தில் என் விரலை வைத்தால் என்ன ஆகும்? ஒரு நொடி வேலை. ஆனால் அதைப் பார்த்து அவர் என்ன நினைப்பார்? கல்யாணத்துக்காக, ஊருக்காக, மகன் மனசுக்காக வந்து ஒட்டிக்கொண்டாள் என்று நினைத்தால்? ராத்திரி முழுவதும் முழங்கை இடிக்கும், ஒரே கைப்பிடி, அவர் கை அதில் இருந்தால் என் கை எங்கே போகும், என்ன பேசுவது, கதவைச் சாத்தின பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய்விட முடியாதே, மணப்பாட்டுக்கும் போய்விட முடியாதே. கதவைச் சாத்திவிடுவார்கள். கீழே இருட்டுக் கடல், மேலே ஒன்றுமில்லை, நடுவில் இந்த மீனின் வயிற்றுக்குள் நாங்கள் இருவரும். நடு சீட்டைக் காலியாக விட்டு ஜன்னலோரம் எடுக்கலாம், அது இன்னும் மோசம், பக்கத்தில் வரப் பிடிக்காமல் பக்கத்தில் வந்த மாதிரி. வேண்டாம். பிலோமி சொன்னதுதான் புத்தி. விரலால் படத்தைக் கீழே கீழே இழுத்தேன், வால் பக்கம், கழிவறைக்கு ஒட்டின மாதிரி ஒரு நடைபாதையோரம், அமுக்கினேன். ஆர் போய் உட்கார்ந்துவிட்டது. பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது, அதோடு, யாருமில்லாத பெஞ்சில் மழையில் உட்கார்ந்திருக்கிற மாதிரியும் இருந்தது. வயிற்றின்மேல் போன் கிடந்தது. கண் சொருகியது. நடைபாதையில் நான் நடந்து போகிறேன், இரண்டு பக்கமும் கோயில் பெஞ்சுகள், ஆம்பளைகள் ஒரு பக்கம் பொம்பளைகள் ஒரு பக்கம், எல்லாரும் நீலச் சட்டை, தரை லேசாக ஆடுகிறது, எங்கேயோ உஸ்ஸென்று ரேடியோ, பீடத்தில் இக்னி நிற்கிறான், பெரியவனாக இல்லை, பால் பல்லோடு நிற்கிறான், அம்மா உங்க எடத்துல உக்காருங்க என்கிறான், எது என் இடம் என்று கேட்க வாய் வரவில்லை, பெஞ்சுக்கெல்லாம் முன்னால் மரச்சட்டம் அடித்திருக்கிறது, யாரும் உருண்டுவிடாமல் இருக்க.

விழித்தபோது திரை அடங்கிக் கிடந்தது, காற்றில்லை, கழுத்தில் வியர்வை. போனைத் தட்டி எழுப்பினேன். மீன் அப்படியே இருந்தது, சாம்பல் கொஞ்சம் கூடியிருந்தது. பாதிக்குப் பின்னால் அந்த வரிசையைத் தேடினேன். மூன்றும் நீலம். ஏ அங்கே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே மேலே தள்ளினேன், இறக்கையைத் தாண்டி, முன்பக்கம், நல்ல இடம் என்று சொல்கிறார்களே அந்தப் பக்கம், ஜன்னலோரத்தில் ஏ. ஓ, என்றேன் வாய்விட்டு. நான் வாலில் போய் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத் தலைப்பக்கம் போயிருக்கிறார். நான் ஒரு எட்டுப் பின்னால் வைத்தால் அவர் ஒரு எட்டு முன்னால், இப்படியேதான், ஓடு மாற்றினது போதாமல் கிணறு, கிணறு போதாமல் சுண்ணாம்பு. அதுவும் ஜன்னலோரம். வாழ்நாள் முழுவதும் பார்த்துச் சலித்த கடலை இன்னும் என்ன பார்க்க வேண்டும் இவருக்கு. நான்தானே முதலில் தள்ளிப் போனேன் என்று ஒரு பக்கம் நியாயம் சொன்னது, போகட்டும் என்று ஒரு பக்கம் சொன்னது. இப்போது, இந்த நிமிஷம், மணப்பாட்டில் அவரும் இதே மீனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த போன் மணியடித்தது, பதறிப்போய் எடுத்தேன்.

“ரெஜி. தூங்கிட்டியா?”

“இல்லைங்க. சும்மாதான் சாஞ்சிருந்தேன்.”

“ஏன் அவ்ளோ பின்னால போயி உக்காந்திருக்க?” எஞ்சின் சத்தத்துக்கு மேலாகப் பேசிப் பழகின குரல், போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் பிடிக்க வேண்டும். “வால் பக்கம் ஆட்டம் ஜாஸ்தி. உனக்கு பஸ்ஸுல மணப்பாடு வரதுக்குள்ளயே கொமட்டும்.”

“கழிவறைக்குப் பக்கம்னு எடுத்தேன்.”

“நாத்தம் அடிக்கும். கதவு படக்கு படக்குனு சாத்துவான். சொல்லுதேன் கேளு. இறக்கைக்கு முன்னால ஒரு ஜன்னல் இருக்கு. றெக்கை மறைக்காது, ஆட்டமும் இல்ல. காலையில எறங்கும்போது அந்தப் பக்கம்தான் வெளிச்சம் வரும். அதுல நான் உக்காந்திருக்கேன்.”

“பாத்தேன்.” என் குரல் எனக்கே சரியாகப் படவில்லை. “நல்லா இருங்க.”

“எனக்கு எதுக்கு ஜன்னலு? உனக்காக்கும். வேற ஒருத்தன் எடுத்துரக் கூடாதுன்னு துண்டு போட்டு வச்சிருக்கேன்.”

அவர் இருமுகிற சத்தம், பின்னால் அலைச் சத்தம், யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“கேக்கியா ரெஜி?”

“கேக்கேன்.”

“நான் எந்திரிக்கேன். எந்திரிச்ச ஒடனே நீ அமுக்கிறணும், விட்டா போயிரும். அமுக்கிட்டுச் சொல்லு.”

“நீங்க எங்க உக்காருவீங்க?”

“எனக்கென்ன, பழைய எடத்துக்குப் போறேன். என் கொறட்டைக்குப் பக்கத்துல ஒனக்கு எங்க தூக்கம் வரும்? ரெடியா? இதோ எந்திரிக்கேன்.”

ஏ மறைந்தது. அந்த ஜன்னல் நீலமானது. அமுக்க வேண்டியதுதான், ஆனால் என் கண் அதில் நிற்கவில்லை, அவரைத் தேடிக்கொண்டு ஓடியது, முன்னால், பின்னால், பழைய வரிசையில், எங்கேயும் ஏ இல்லை, விமானம் முழுவதிலும் அவர் இல்லை. ஒரு தடவை பிஸ்கே வளைகுடாவில் அவர் கப்பலிலிருந்து பல நாள் சேதி வராமல் போனது, எக்ஸ்சேஞ்சில் என் பலகையில் எல்லா விளக்கும் எரிந்து அணைகிறது, ஊர் முழுக்க யார் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள், எனக்கு மட்டும் இல்லை, எண் என்ன வேண்டும் எண் என்ன வேண்டும் என்று நான் எல்லாருக்கும் இணைப்புக் கொடுத்துக்கொண்டேயிருந்தேன், வீட்டுக்கு வந்து இக்னிக்குச் சோறு ஊட்டினேன், அழக்கூட இல்லை, ஒரே ஒரு நினைப்புத்தான், அந்த மனுஷரை நான் இன்னும் சரியாகப் பார்க்கவே இல்லையே, அதற்குள்ளேயா என்று.

“ரெஜி! அமுக்கிட்டியா?”

“ஆங். ஆச்சு. அமுக்கிட்டேன்.” அமுக்கியிருந்தேன், எப்போது என்று தெரியவில்லை, ஆர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தது. “ஏங்க, உங்களைக் காணோமே.”

“இங்கதான் இருக்கேன். இந்த போன் சுத்திக்கிட்டே கெடக்கு. சரி, வை. நான் பாத்துக்கிடுதேன்.”

வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக வந்து நின்றது, பக்கத்தில் காலியாக இருக்கிறதே, குறட்டை விட்டால் விடுங்களேன், விமானம் பூராவும் எஞ்சின் சத்தம்தானே இருக்கும், உங்களுக்கு அங்கே நல்லாத் தூக்கம் வரும், நான் தூங்கினால் என்ன தூங்காவிட்டால் என்ன, எனக்கு வெளியில் பார்க்க இருக்கிறது. திரும்பக் கூப்பிடலாமா, கூப்பிட்டு எப்படி ஆரம்பிப்பது. இந்த வயதில் ஒரு பொம்பளை தன் வீட்டுக்காரரிடம் பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்று எந்த வார்த்தையில் சொல்வாள். திரையைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். வந்தது. பழைய வரிசையில் இல்லை. என் வரிசையில். நடைபாதையோரத்தில் ஏ வந்து மெதுவாக உட்கார்ந்தது, நடு சீட்டை அப்படியே விட்டு. அவருடைய நீளக் காலுக்கு அதுதான் இடம், நியாயம்தான், ஆனால் அந்த நடு நீலத்தை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது, இப்போதே எங்கேயோ ஒரு ஊரில் யாரோ ஒருவன் அதன்மேல் விரலைக் கொண்டுபோகிறான், அவன் வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வாயைத் திறந்துபோட்டுத் தூங்குவான், அவனைத் தாண்டி நாங்கள் ஒருவருக்கொருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொள்வோம், நீட்டிக்கொண்டே கிழடாகிப்போவோம். ஜன்னல் போனால் போகட்டும். வானம் எங்கே ஓடிவிடப் போகிறது, அவர் குனிந்து பார்த்துச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். நான் நடுவுக்குப் போகிறேன் என்று முடிவு பண்ணினேன், என் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக எதையும் முடிவு பண்ணினதில்லை, அந்த நீலத்தின் மேல் விரலை வைத்து அமுக்கினேன். சிவப்பாக ஒரு வரி வந்தது. அந்த இடம் இப்போதுதான் போய்விட்டதாம், வேறு பாருங்களாம். போயிற்றா. எந்தப் பாவி. அதற்குள்ளேயா. அந்த வரியைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன், நடைபாதையோரம் நீலமாக இருந்தது, அங்கே யாருமில்லை, நடு சீட்டில் ஆரஞ்சு நிறத்தில், எனக்கு ஒட்டினாற்போல், முழங்கால் இரண்டையும் மடக்கிக்கொண்டு, ஏ.

நான்தான் கூப்பிட்டேன். மணி ஒரு தடவைகூட முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார்.

“ஏங்க, அது நடு சீட்டுல்லா. உங்க காலு கொள்ளுமா?”

“பாத்துக்கிடலாம்,” என்றார், எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, சத்தத்தைக் குறைத்து.